கொழும்பு மாமாவின் மௌன விரதம்

ஒரு சிங்களப் படத்தில் நான் அழுதிருக்கிறேன். சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. திரையில் என் முகம் வராது, பெயர் போடும்போது என் பெயரும் வராது. கடைசிக் காட்சியில் கடற்கரையில் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டே அப்பாவின் பின்னால் ஓடிவருவாள். அந்த முகம் கொழும்புப் பெண்ணுடையது, அழுகை தியாகராய நகர்ப் பெண்ணுடையது. முக்கால் நிமிஷம் வரும். என் சினிமா வாழ்க்கை அதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சின்ன வயதில் எனக்கு அழவே வராது. ஊசி போட்டால் டாக்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடித்தால் அடித்தவர் கைதான் வலிக்கும். நெஞ்சழுத்தக்காரி என்று அம்மா எனக்குப் பட்டம் கொடுத்திருந்தாள், நானும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவளைத் தேடிப்பிடித்து அழக் கூப்பிட்டார்கள் என்றால் அவர்களுக்கு எவ்வளவு நெருக்கடி இருந்திருக்க வேண்டும் என்று இப்போது யோசித்தால் புரிகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு போன் வந்த வருஷம் அது. அப்பா கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் ரெக்கார்டிஸ்டாக இருந்தார். படம் எடுத்து முடித்த பிறகு நடிகர்கள் அங்கே வந்து, திரையில் தங்கள் வாயசைவைப் பார்த்துப் பார்த்து வசனத்தை மறுபடி பேசுவார்கள். அப்பா கண்ணாடிக்குப் பின்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைப் பதிவு செய்வார். இலங்கையில் எடுத்த படங்களும் ஒலிவேலைக்காக இங்கே வந்துகொண்டிருந்த காலம். அப்படி நாலைந்து முறை வந்ததில் அப்பாவுக்கு நண்பரான சிங்கள நடிகர்தான் கொழும்பு மாமா.

ஒரு வியாழக்கிழமை மாலை அப்பா அவரை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு துணிப்பை. வழக்கமாக அவர் தங்குகிற லாட்ஜில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரூம் காலியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். சிலோன் என்ற சொல்லைக் கேட்டாலே ஊர் கதவைச் சாத்திக்கொண்டிருந்த சமயம். வந்திருப்பவர் தமிழரா சிங்களவரா, சண்டைக்காரரா நாடகக்காரரா என்று பிரித்துப் பார்க்க லாட்ஜ் மேனேஜருக்கு என்ன தலையெழுத்து? அப்பா அவரைப் போலீசுக்கு அழைத்துப்போய் முறையாகப் பதிவு செய்துவிட்டு நேராக வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

அம்மாவுக்குப் போலீசைவிட வீட்டுக்கார அம்மாவிடம்தான் பயம் அதிகம். நாங்கள் மாடியில் குடியிருந்தோம், அந்த அம்மாள் கீழே. மாடிக்கு யார் ஏறினாலும் எந்த ஊர், என்ன உறவு, எத்தனை நாள் என்று மூன்று கேள்வி கேட்காமல் விடமாட்டாள். அம்மா சமையலறையில் நின்று யோசித்தாள். வந்தவர் லுங்கி போலச் சாரம் கட்டியிருந்தார், தலையில் தேங்காய் எண்ணெய் பளபளத்தது. பாலக்காடு என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். வாயைத் திறந்தால் தெரிந்துவிடுமே என்றார் அப்பா.

"அவர்தான் வாயைத் திறக்கக் கூடாதே" என்றாள் அம்மா. "மௌன விரதம்னு சொல்லிடுங்க."

அவர் ஏன் வாயைத் திறக்கக் கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லப்பட்டதும் மௌன விரதம்தான். விஷயம் இதுதான். அவர் தொண்டையில் கட்டி. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன். கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிடப் போகிறார்கள். அதற்கப்புறம் பேச்சு இல்லை. ஆனால் அவர் எழுதி, அவரே நடித்து, முதல் முதலாக அவரே டைரக்ட் செய்த படம் ஒன்று அப்பாவின் தியேட்டரில் ஊமையாகக் காத்திருந்தது. மற்றவர்களின் வசனமெல்லாம் முந்தின மாதமே பதிவாகிவிட்டது. மிச்சமிருந்தது அவருடைய குரல். முப்பது வருஷம் மேடையில் பேசிய குரலை, அது போவதற்குள், தன் படத்தில் வைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பேசவே கூடாது என்றார் டாக்டர். ஒரு வாரம் விடுங்கள் என்று இவர் கும்பிட்டார்.

அப்பா ஒரு திட்டம் போட்டார். வீட்டில் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. தியேட்டரிலும் ஒத்திகையை உதட்டால் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், பதிவு செய்யும்போது மட்டும்தான் குரல். ஒரு நாளைக்கு ஒன்றரை ரீல், அதற்கு மேல் இல்லை. தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் அம்மா குடத்துக்கு முன் நின்றுகொண்டு ஆளுக்கு இத்தனை சொம்பு என்று அளப்பாளே, அதைப் போல அப்பா அந்தக் குரலை அளந்தார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் ஒரு பெரிய மனிதர், பேசாதவர், பள்ளிக்கூடம் போகாதவர், கேள்வி கேட்காதவர் வந்து சேர்ந்ததில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சொந்தக்காரர்கள் எல்லாரும் என்ன ராங்க் என்று கேட்பவர்களாகவே இருந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

வீட்டுக்கார அம்மாளும் ஒரே நாளில் வழிக்கு வந்துவிட்டாள். விரதக்காரர் என்று கேள்விப்பட்டதும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மேலே ஏறி வந்தாள். எதிரே நின்று, பையனுக்கு இரண்டு வருஷமாக வேலை கிடைக்கவில்லை என்று கண் கலங்கினாள். கொழும்பு மாமா என்ன செய்வார் என்று அம்மா கதவோரம் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவர் நடிகர் அல்லவா, கிடைத்த வேஷத்தை விடுவாரா? கண்ணை மூடி, கையைத் தூக்கி, மெதுவாக ஒரு ஆசீர்வாதம் செய்தார் பாருங்கள், அம்மாவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாலாம் நாள் பையனுக்கு இன்டர்வியூ கார்டு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மாடிப்படியில் அவர் இறங்கினால் அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நிற்பாள்.

சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கும் அவர் தியேட்டரிலிருந்து திரும்புவதற்கும் சரியாக இருக்கும். மொட்டை மாடிக்குப் போவோம். அங்கேதான் அவர் தன் வாழ்க்கை வரலாற்றை எனக்கு நடித்துக் காட்டினார். முதலில் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு தட்டுவார். அவருடைய நாடகங்களில் திரை விலகுவதற்கு முன்னால் அப்படித் தட்டுவதுதான் வழக்கம் என்று அப்பா சொன்னார். மூன்றாவது தட்டுக்குப் பிறகு நான் பேசக் கூடாது. அவர் எப்படியும் பேசமாட்டார்.

பதினாறு வயதில் வீட்டுக்குத் தெரியாமல் ரயிலேறினார். அதற்கு அவர் ஒரு சட்டையை மூட்டை கட்டினார், பூனை மாதிரி நடந்தார், ரயிலாகவும் அவரே ஓடினார். கொழும்பில் ஒரு நாடகக் குழுவில் திரை இழுக்கும் வேலை. முதல் நாளே கயிறு கையை அறுத்துவிட்டது. பிறகு மேடையில் ஏற விட்டார்கள், ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ராஜாவுக்குப் பின்னால் நிற்கிற காவல்காரன். இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றதில் கால் மரத்து, ராஜாவின் மேலேயே விழுந்துவிட்டார். சனங்கள் சிரித்த சிரிப்பில் மறுநாளிலிருந்து அவருக்கு வசனம் கிடைத்தது. அப்புறம் குடிகாரன், பூசாரி, பேய், கடைசியில் ராஜா. ராஜாவாக நடித்தபோது பின்னால் நின்ற காவல்காரனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

நாடகம் எழுதியதையும் நடித்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுவார், படிப்பார், முகத்தைச் சுளிப்பார், கசக்கிக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எறிவார். எறிந்ததை ஓடிப்போய் எட்டிப் பார்த்து, அது நல்லா இருந்ததே என்று வருத்தப்படுவார். சினிமாவில் அவருக்கு அதிகமும் சாகிற வேஷம். துப்பாக்கி, கத்தி, லாரி, மலை உச்சி, பாம்பு. மொத்தம் பத்தொன்பது சாவு. பாம்பு கடித்துச் சாவதுதான் எனக்குப் பிடித்தது, தினமும் ஒரு முறை பாம்பு கடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவேன். சலிக்காமல் செத்தார்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் கைப்பிடிச் சுவரின் இந்தப் பக்கம் நின்று ஒரு கிண்ணத்தை நீட்டினார். பிறகு அந்தப் பக்கத்து ஆளாக மாறி அதை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள், இரண்டு பேரும் அவர்தான். திடீரென்று தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். எங்கிருந்தோ கல் வந்து விழுந்தது போல இருந்தது. கிண்ணம் உடைந்தது, தரையில் துண்டு பொறுக்கினார். நான் கைதட்டிச் சிரித்தேன். அவர் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

அப்பாவிடம் கேட்டேன். அது அவர் எழுதிய நாடகம் என்றார். பக்கத்துப் பக்கத்து வீட்டு இரண்டு குடும்பங்களின் கதை, ஒன்று சிங்களக் குடும்பம், ஒன்று தமிழ்க் குடும்பம். அந்தப் பக்கத்து ஆளாக நடித்தவர் மட்டக்களப்புக்காரர், மாமாவின் உயிர்த் தோழர், அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஒன்பதாவது ஆட்டத்தில் யாரோ கல்லெறிந்தார்கள். நண்பர் நாட்டை விட்டே போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் மாமாவுக்கு யாரும் வேஷம் தரவில்லை, வேன் ஓட்டிப் பிழைத்தார். இதையெல்லாம் அப்பா மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, போய்ப் படி என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் எல்லா வசனமும் முடிந்துவிட்டது, கடைசிக் காட்சியைத் தவிர. அதில் மாமா கப்பல் வேலைக்குப் போகிற அப்பா. கடற்கரையில் மகள் அழுதுகொண்டே பின்னால் ஓடிவர, அவர் திரும்பித் திரும்பிப் பார்த்து நாலு வாக்கியம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். படப்பிடிப்பில் எடுத்த அழுகையைக் கடல் விழுங்கிவிட்டிருந்தது. நடித்த கொழும்புப் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்ததால் வர முடியவில்லை. இங்கே குழந்தைக் குரலுக்கென்றே இருக்கிற ஒரு அக்காவை வரவழைத்தார்கள். அவர் அழுதால் கல்லும் கரையும் என்று பெயர். அழுதும் காட்டினார். கொழும்பு மாமா கும்பிட்டு அவரை அனுப்பிவிட்டு, என்னிடம் வாங்கி வைத்திருந்த சிலேட்டில் இங்கிலீஷில் எழுதி அப்பாவிடம் காட்டினார். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. நிஜமான குழந்தை வேண்டும் என்று எழுதியிருந்தார்.

என்னை அழைத்துப்போக அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "சும்மா இருக்கிற குழந்தையை அழ வெச்சா வீட்டுக்கு ஆகாது" என்றாள். ஆனால் சனிக்கிழமை காலை மாமா ஹாலில் கண்ணாடி முன்னால் நின்று அந்த நாலு வாக்கியத்தையும் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். அழப்போகிறவளுக்கு எதற்குக் கனகாம்பரம் என்று தெரியவில்லை, அதையும் வைத்தாள்.

தியேட்டர் என்பது ஒரு இருட்டான குளிர்ந்த அறை. செருப்பை வெளியே விட வேண்டும். எனக்கு எட்டாது என்று ஸ்டூல் போட்டு மைக் முன்னால் நிறுத்தினார்கள். மாமா பக்கத்தில் நின்றார். இரண்டு பேர் குரலும் ஒன்றன் மேல் ஒன்று விழ வேண்டும் என்பதால் ஒரே மைக்கில்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்த முக்கால் நிமிஷப் படத்துண்டை முனையோடு முனை ஒட்டி வட்டமாக்கியிருந்தார்கள். அதை லூப் என்பார்கள். மெஷினில் போட்டால் முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும். அந்தப் பெண் ஓடிவருவாள், அழுவாள், மாமா திரும்புவார், போவார். போனவர் மறுபடி வருவார். நிறுத்துகிறவரை அவர் போய்க்கொண்டே இருப்பார்.

நான் அழவில்லை. அழுவது போல முகத்தை வைத்துக்கொண்டேன், சத்தம் வரவில்லை. சத்தம் வந்தபோது அது ஆட்டுக்குட்டி சத்தமாக இருந்தது. யாரோ கிளிசரின் பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். கண்ணீரை ரெக்கார்ட் பண்ண முடியாது என்று அப்பா எரிந்து விழுந்தார். மெஷின் ஓட்டுகிற அண்ணன் மேலேயிருந்த ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னா சார், பாப்பா அய மாட்டேங்குது? எங்க வூட்ல மூணு கீது, சொல்லியிருந்தா இட்டாந்திருப்பேனே. ஒண்ணு அயுதா தெருவே கூடிரும்."

மணி பன்னிரண்டாகிவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு வேறொரு படத்துக்குத் தியேட்டரைக் கொடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், திங்கட்கிழமை காலை ஆபரேஷன். மாமா தானும் பேசுவதாகச் சைகை காட்டினார். தன் குரல் கேட்டால் எனக்கு அழுகை வரலாம் என்று நினைத்திருப்பார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. லூப் ஓடியது. மாமா பேசினார்.

பத்து நாளாக எனக்குப் பேசாத மாமாவைத்தான் தெரியும். அந்த மெலிந்த உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கோயில் மணியை அடித்துவிட்டுக் கையை அதன் மேல் வைத்தால் அதிருமே, ஸ்டூலில் நின்ற என் பாதம் வரை அப்படி அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிண்டல் சிரிப்பு இல்லை. யாரோ சட்டைப்பையிலிருந்து யானையை எடுத்துக் காட்டியது போல ஒரு சந்தோஷம், அதை அடக்க முடியவில்லை. டேக் வீண். மறுபடி லூப், மறுபடி அந்தக் குரல், மறுபடி சிரிப்பு. மூன்றாவது தடவையும் சிரித்தேன்.

அப்பா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். என் அப்பா என்னை அடித்ததில்லை. அன்று கையை ஓங்கிவிட்டார். அப்போது பக்கத்திலிருந்து, கரகரவென்று, தமிழில் கேட்டது.

"பிள்ளைக்கு ஏசாதீங்க. வடிவாச் சிரிக்குது."

அப்பா ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. மாமா சொன்னதற்குக் கட்டுப்பட்டு நின்றார் என்று நினைத்தேன். எனக்கென்று தமிழில் அவர் பேசியது, நான் அழகாகச் சிரிக்கிறேன் என்ற அந்த இரண்டு வாக்கியம்தான். பத்து நாளாகச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்து வைத்ததில் கொஞ்சத்தை எடுத்து, படத்துக்குக் கொடுக்காமல் எனக்குக் கொடுத்திருந்தார்.

அப்பா குரல் இறங்கிவிட்டது. "அண்ணே, போதும்ணே. தொண்டை தாங்காது. இதுக்கு மட்டும் வேற ஆளை வெச்சுக்கலாம்" என்றார். மாமா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் ஒன்று. அப்பா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

இந்தத் தடவை நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். லூப் ஓடியது. முதல் வாக்கியம் வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவதின் நடுவில், பழைய துணியைக் கிழித்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை, காற்றுதான். மாமா நிறுத்தவில்லை. திரையைப் பார்த்து மிச்ச வாக்கியத்தையெல்லாம் உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு அசைவுகூடத் தப்பவில்லை. மைக்தான் கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி நான் அப்பாவைப் பார்த்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் அப்பா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

பெரியவர்கள் அழுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அதிலும் என் அப்பா. நான் சிரித்துச் சிரித்து அவர் வேலையைக் கெடுத்துவிட்டேன், தியேட்டர்க்காரர் திட்டப்போகிறார், அதனால்தான் அழுகிறார் என்று நினைத்தேன். எல்லாம் என்னால்தான். அழுதேன். அழகாக இல்லை. மூக்கு ஒழுக, விக்கி விக்கி, மூச்சு வாங்கி, அப்பாவிடம் ஓட வேண்டும் என்று நினைத்தும் ஸ்டூலிலிருந்து இறங்கத் தெரியாமல் அழுதேன். திரையில் அந்தப் பெண் ஓடிவந்துகொண்டிருந்தாள். மாமா என் தலையில் கையை வைத்து மெல்லப் பிடித்துக்கொண்டார். நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. மேலேயிருந்த அண்ணன் லூப்பை ஓடவிட்டுவிட்டார். திரையில் மாமா போனார், வந்தார், போனார். அப்பா அழுதுகொண்டே பதிவு செய்தார்.

முடிந்ததும் மாமா சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார். இரண்டு வாக்கியம் போதும். மிச்சத்துக்குக் கடல் சத்தம் போட்டுவிடலாம், உதடு மட்டும் அசையட்டும், பிள்ளையின் அழுகை கேட்கட்டும். அப்பா படித்துவிட்டு சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்கள். குடிக்கும்போது அப்பாவிடம், இனிமேல் சிரிக்கமாட்டேன் என்று சொன்னேன். அவர் ஸ்ட்ரா சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

நான்தான் அப்பாவை அழவைத்தேன் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா ரிடையரான பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். அதற்கு முந்தின வருஷமே, வேறொரு படத்துக்கு மாமா பேசும்போது, ஹெட்போனில் ஒரு சரசரப்பு கேட்டதாம். ஒயரில் கோளாறு என்று ஒயரை மாற்றியிருக்கிறார். மைக்கை மாற்றியிருக்கிறார். சரசரப்பு போகவில்லை. டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னார். புது நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடியட்டும் என்றாராம் மாமா. அந்த நாடகம் நன்றாக ஓடி மாதக்கணக்கில் நீண்டுவிட்டது. எல்லாருக்கும் முன்னால் என் காதுக்குத்தான் தெரிந்தது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாமல் விட்டுவிட்டேன் என்று அப்பா அன்றைக்கும் வருத்தப்பட்டார்.

படம் அவர்கள் ஊரில் வெளியானபோது, கடைசியில் அப்பாக்காரன் வாய் அசைந்தும் பேச்சுக் கேட்காமல் கடல் மட்டும் கேட்கிற அந்த இடத்தைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்களாம். என்ன கற்பனை என்று எழுதினார்களாம். அப்பா அதைச் சொல்லிச் சிரித்தார்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்து, ஊருக்குப் போகும் முன் பெட்டியை எடுத்துக்கொள்ள மாமா வீட்டுக்கு வந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டு. இன்னும் மெலிந்திருந்தார். வீட்டில் யாரும் சரியாகவே இல்லை. அம்மா பால் பாயசம் வைத்துவிட்டு, அவர் விழுங்க முடியுமா என்று கேட்கவும் தைரியமில்லாமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பெட்டியின் கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார். வீட்டுக்கார அம்மாள்கூட, பையன் வேலையில் சேர்ந்துவிட்டதைச் சொல்ல வந்தவள், துண்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. போகும்போது எப்படி இருந்தாரோ அப்படியே திரும்பி வந்திருந்தார். எங்கள் வீட்டில் அவர் எப்போது பேசினார், இப்போது பேசாமலிருப்பதற்கு வருத்தப்பட? அவரை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டம்ளரை எடுத்து மூன்று தட்டு தட்டினார். பாம்பு கடித்தது. இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாகச் செத்தார், அவ்வளவுதான்.

கீழே வந்து பெட்டியைத் தூக்கும்போது நான் கேட்டேன். "மாமா, உங்க விரதம் எப்போ முடியும்?"

அம்மா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். மாமா என் முன்னால் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். தன் பத்து விரலும் தீர்ந்தன. என் விரல்களைக் கடன் வாங்கினார், அவையும் தீர்ந்தன. கால் விரலுக்குப் போனார். பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது போலத் தலையில் அடித்துக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"முடிஞ்ச உடனே எனக்கு போன் பண்ணணும். அந்தக் குரல்ல பேசணும்" என்றேன். சிலேட்டில் எங்கள் நம்பரை எழுதிக் காட்டினேன். அவர் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து எழுதிக்கொண்டார். கட்டாயம் என்று நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார்.

அன்றிலிருந்து வீட்டில் போன் அடித்தால் நான்தான் ஓடுவேன். அம்மாவின் அண்ணன், அப்பாவின் தியேட்டர், ராங் நம்பர். ஐந்தாம் வகுப்பு அரைப் பரீட்சை லீவில் ஒரு காலை, அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தேன். தூரத்து ஊரிலிருந்து வந்தால் கேட்குமே, அந்த இரைச்சல். ஹலோ என்றேன். பதில் இல்லை. அந்த முனையில் யாரோ மூச்சு விடுவது தெரிந்தது. பிறகு எதன் மேலோ எதையோ தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். கொஞ்சம் விட்டு மறுபடியும் மூன்று. லைன் சரியில்லை என்று நினைத்தேன். நான் காத்துக்கொண்டிருந்தது பாதம் வரை அதிர்கிற அந்தக் குரலுக்கு, தட்டுகிற சத்தத்துக்கு இல்லை.

"பேசறதுன்னா பேசுங்க, இல்லேன்னா வைங்க. எங்க மாமா போன் பண்ணுவாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஈரத் தலையோடு வந்த அம்மா யார் என்று கேட்டாள். யாருமில்லை என்றேன்.